கண்டம் கழிந்ததாகச் சொன்னார்கள்

நானும் கணவரும் பெங்களூரில் மகள் வீட்டிலிருந்து திரும்பிய காலை அது. கையில் இருந்த பையைக்கூட இறக்காமல், செருப்பை உதறிவிட்டு நேராக மீன் தொட்டியிடம் போனேன். முன்பக்கக் கண்ணாடியை ஒட்டி, வெள்ளை மணல் மேல், சிவப்பு வரி போட்ட என் இறால் சாய்ந்து கிடந்தது.

இறால் அவ்வப்போது சட்டை உரிக்கும். உரித்துப் போட்ட சட்டை மீசையும் காலுமாக அசல் இறால் போலவே கிடக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் அதைப் பார்த்துப் பதறிப்போவார்கள். அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நீள இடுக்கியால் தொட்டேன். சட்டையாக இருந்தால் லேசாக எழும்பி மிதக்கும். இது எழும்பவில்லை. உடம்பு வெந்தது போல வெளுத்துக் கனத்திருந்தது.

எனக்குப் பின்னால் சாப்பாட்டு மேசையில் அண்ணன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாமகிரிப்பேட்டைப் பக்கம் முட்டைக் கோழிப் பண்ணை வைத்திருப்பவர். நாங்கள் ஊரில் இல்லாத நாட்களில் தொட்டியைப் பார்த்துக்கொள்ள, பண்ணையை மகனிடம் விட்டுவிட்டுச் சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார். இடுக்கியும் கையுமாக நான் நிற்பதைப் பார்த்து, நிஜமான பரிவோடு சொன்னார்:

"வெசனப்படாத அம்முணி. ஊட்டுக்கு வர இருந்த கண்டத்த அது வாங்கிக்கிச்சு. நல்லதுன்னு நெனச்சுக்கோ."

என் கணவரும் தலையை ஆட்டினார். பெங்களூர் சாலையில் எங்கள் பேருந்தை ஒரு லாரி உரசப் பார்த்த கதையை உடனே எடுத்துவிட்டார். இரண்டு பேருமாகச் சேர்ந்து இறாலின் சாவுக்கு ஒரு நியாயம் கட்டி முடித்தார்கள். அடுத்த இட்லி வந்தது.

அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை.

காரணம் கேட்கும் வேலை

ஓய்வு பெறும் வரை பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் இருந்தேன் என்பது இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும். சாவுக்கு என்ன காரணம் என்று கேட்பேன். "வயசாயிருச்சுங்க" என்பார்கள். வயது காரணம் ஆகாது என்பேன். சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. ஆனாலும் ஒரு சாவுக்கு ஒரு காரணம் இருந்தே தீரும், அதைக் கேட்காமல் விடுவது செத்தவருக்குச் செய்யும் அவமரியாதை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். தேதியும் கிழமையும் மனதில் பிடித்து வைத்துக்கொள்ளும் பழக்கமும் அங்கே ஒட்டிக்கொண்டதுதான். அவற்றை எல்லாம் இங்கே இறக்கி உங்களைப் படுத்துவதில்லை என்று முதல் வாரமே முடிவு செய்துவிட்டேன்.

அப்படிப்பட்ட ஒருத்தியிடம் வந்து கண்டம் என்றால்?

எங்கள் பக்கத்தில் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கும் எந்த வீட்டிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். மீன் செத்தால், வீட்டுக்காரருக்கு வர இருந்த ஆபத்தை மீன் ஏற்றுக்கொண்டது. செத்ததைச் செடிக்கடியில் புதைத்துவிட்டுப் புது மீன் வாங்கி விடுவார்கள். தண்ணீர் கெட்டதா, பம்பு நின்றதா, தீனி அதிகமானதா என்று ஒருவரும் பார்ப்பதில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? மீன் தன் கடமையை முடித்துவிட்டது. அடுத்த மீன் அடுத்த கண்டத்துக்கு.

இதைவிட வசதியான நம்பிக்கை மனிதனுக்கு வாய்க்காது. கொன்றவருக்குப் பழியும் இல்லை, வீட்டுக்குப் பாதுகாப்பும் ஆயிற்று.

உப்புத் தண்ணீருக்கு அலைந்தவள்

கடல் இல்லாத ஊரில் கடல் மீன் எதற்கு என்று என்னைக் கேட்காதவர் இல்லை. ஊரடங்கு முடிந்த கையோடு நான் ஓய்வும் பெற்றேன். அந்த ஆண்டுதான் தொட்டியை வாங்கினேன்.

எங்கள் ஊரில் தண்ணீர் இரண்டு சாதி. மேட்டூரிலிருந்து குழாயில் வருவது நல்ல தண்ணி. ஆழ்துளைக் கிணற்றில் வருவது உப்புத் தண்ணி. உப்புத் தண்ணியில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குளித்தால் முடி கொட்டும் என்று புலம்புவார்கள். அதிலிருந்து தப்பிக்க ஊரே பாடுபடும்போது, ஒருத்தி நல்ல தண்ணீரைப் பிடித்து, இயந்திரத்தில் ஊற்றி இன்னும் சுத்தமாக்கி, பிறகு அதில் மூட்டை உப்பைக் கொட்டிக் கலக்கினால் என்ன நினைப்பார்கள்?

மேல் வீட்டு செல்வி மாடிப்படியில் நின்று வெகு நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள். "போர்த் தண்ணியப் புடிச்சு உட்டாப் போதாதுங்களாக்கா?"

போதாது. கடல் நீரில் இருப்பது சமையல் உப்பு மட்டும் அல்ல. இன்ன உப்பு இவ்வளவு என்று ஒரு கணக்கு இருக்கிறது. பால்கனியில் நீல நிறப் பீப்பாயில் நீரை ஊற்றி, உப்பைக் கரைத்து, ஒரு சின்ன மோட்டாரால் ஒரு நாள் முழுக்கச் சுழல விடுவேன். அந்த நாளில் பால்கனி முழுக்க ஒரு கடற்கரை வாசனை வரும். தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். கருவாடு காய வைத்திருக்கிறேன் என்று தெருவில் ஒரு பேச்சு நிலைத்தே விட்டது.

கோடையில் சேலத்து வெயில் தொட்டியை வெந்நீர் ஆக்கிவிடும். அதைக் குளிர்விக்க ஒரு இயந்திரம். மின்சாரம் போனால் அதற்கு இன்வெர்ட்டர். எங்கள் படுக்கையறைக்குக் குளிர்சாதனம் வரும் முன்னால் மீனுக்கு வந்துவிட்டது என்று என் கணவர் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். பெருமையாகச் சொல்கிறாரா, குறையாகச் சொல்கிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

யார் யார் இருந்தார்கள்

தொட்டியில் ஒரு நீல டாங் மீன், ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள். இவை வருகிறவர்கள் பார்த்தவை.

அவர்கள் பார்க்காதவைதான் அதிகம். கண்ணாடியில் படியும் பாசியை இரவு பகலாக மேயும் நத்தைகள். செத்த நத்தையின் ஓட்டுக்குள் குடியிருக்கும் ஒரு சிறு நண்டு. பெரிய மீனின் செவுளுக்குள் தலையை விட்டு அழுக்கு எடுக்கும் அந்த இறால். பாறைகளின் மேல் மெத்தென்ற பவளங்கள். ஓடு கட்டும் பவளத்தைக் கடலிலிருந்து எடுப்பது சட்டப்படி குற்றம், அதை நான் தொடுவதில்லை. என்னிடம் இருந்தவை கோயம்புத்தூரில் ஒருவர் தன் தொட்டியில் வளர்த்து, கிளை வெட்டிக் கொடுத்தவை. வாழைக்கன்று வாங்கி வருவது போல, ஈரத் துணிக்குப் பதில் தண்ணீர்ப் பையில் போட்டு, மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

எல்லாவற்றுக்கும் நடுவில் கடல் சாமந்தி. சாமந்தி என்று பெயர்தானே தவிர அது பூ அல்ல. அடியில் ஒரு பாதம், நடுவில் ஒரு வாய், சுற்றிலும் விரல் போன்ற உறுப்புகள். தொட்டதை ஒட்டிப் பிடித்து வாய்க்கு இழுக்கும். மற்ற மீனுக்கு அது விஷம். கோமாளி மீன்கள் மட்டும் அதற்குள் படுத்துப் புரண்டு தூங்கும். பகல் முழுக்க அதன் விரல்கள் காற்றில்லாத இடத்தில் காற்று வீசுவது போல ஆடிக்கொண்டே இருக்கும்.

வருகிறவர்கள் இதைப் பார்த்துச் சொல்வார்கள்: "செடி நல்லாருக்குதுங்க. பிளாஸ்டிக்குங்களா?"

இன்னொருவர் தொட்டியை வடகிழக்கு மூலைக்கு நகர்த்தச் சொன்னார். ஒருவர் திருஷ்டிக்கு ஒரு கறுப்பு மீன் விடச் சொன்னார். நீல மீன் குழம்புக்கு ஆகுமா என்று கேட்டவர் ஒருவர்தான் அதை ஓர் உயிராக மதித்தார் என்று சொல்ல வேண்டும்.

மினுங்கும் மீன்களும் கவிழ்ந்த நத்தைகளும்

அந்தக் காலை அண்ணன் கிளம்பும்போது தொட்டியைக் காட்டிச் சொன்னார்: "எறா ஒண்ணு போனாப் போவுது. மீனெல்லாம் பாரு, எப்படி மினுங்குது."

உண்மைதான். மீன்கள் முன்னைவிட நன்றாகவே இருந்தன. அதுதான் என்னைக் குழப்பியது.

ஏனென்றால் நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியை விட்டு உதிர்ந்து மணலில் மல்லாந்து கிடந்தன. நண்டு ஓட்டை விட்டு வெளியே வந்து செத்துப்போயிற்று. பவளங்கள் மடக்கிய குடை மாதிரிச் சுருங்கின. கடல் சாமந்தி, இரண்டு உள்ளங்கை விரித்த அகலம் இருந்தது, நாளுக்கு நாள் சிறுத்து ஒரு தேங்காய் மூடி அளவுக்கு வந்து வாயைப் பிளந்தது. கோமாளி மீன்கள் இரண்டும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தன. உள்ளே படுக்க இடம் இல்லை.

உப்பின் அளவைப் பார்த்தேன். சரி. கழிவு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. கொசு மருந்தாக இருக்குமோ என்று அதைப் பிடுங்கி எறிந்தேன். இரண்டு பேரும் கொசுக்கடியில் கிடந்தோம். மேல் வீட்டில் கரையானுக்கு மருந்து அடித்தார்கள் என்று கேள்விப்பட்டு செல்வியிடம் போய் எப்போது அடித்தீர்கள், என்ன அடித்தீர்கள் என்று கேட்டேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. அடித்தது அதற்கு வெகு நாள் முன்பு.

அண்ணனுக்கும் போன் செய்தேன். நான் இல்லாத நாட்களில் தொட்டியில் ஏதாவது ஆனதா, தண்ணீர் கலங்கியதா, எதுவும் உள்ளே விழுந்ததா என்று கேட்டேன். ஒன்றுமே ஆகவில்லை, வேளை தவறாமல் தீனி போட்டேன் என்றார். கூடவே, இன்னும் அதையேவா நினைத்துக்கொண்டிருக்கிறாய், போனது கண்டத்தோடு போகட்டும் என்றும் சொன்னார்.

மீன்களைத் தவிரத் தொட்டியில் எஞ்சியிருந்தது அந்தச் சாமந்திதான். எது கொல்கிறது என்று தெரிந்தால் அதைக் காப்பாற்றலாம். தெரியாமல் எதைச் செய்தாலும் குருட்டு வைத்தியம். வீட்டில் யாரிடம் பேசினாலும் பதில் தயாராக இருந்தது. நான் தேடிய பதில் மட்டும் இல்லை.

காது குத்துப் பந்தி

அந்த நிலையில்தான் அண்ணன் பேத்திக்குக் காது குத்து வந்தது. போகாமல் இருக்க முடியாது.

விருந்து பண்ணை வீட்டில். கோழி அடைக்கும் கொட்டகைகள், செட்டுகள் என்பார்கள், தள்ளித்தான் இருந்தன. ஆனாலும் வழியில் ஒரு சிமெண்ட் பள்ளத்தில் மருந்துத் தண்ணீர் நிரப்பி, வருகிறவர்கள் எல்லாம் அதில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று ஆள் நிறுத்தியிருந்தார். ஒரு முறை வெளியிலிருந்து வந்த சீக்கில் ஒரு செட்டுக் கோழி முழுக்கப் போனதிலிருந்து அப்படி. பட்டுச் சேலைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலை நனைத்தோம். ஆட்டையாம்பட்டிச் சம்பந்தியின் புது வேட்டிக் கரையும் நனைந்தது.

பந்தியில் சம்பந்தி எனக்கு எதிர் வரிசையில் இருந்தார். நெசவு செய்யும் குடும்பம், கோழி வளர்ப்பைப் பற்றி அவருக்கு எல்லாமே புதிது. இவ்வளவு கோழிக்கும் நோய் வந்தால் ஒவ்வொன்றாகப் பிடித்து மருந்து கொடுக்க முடியுமா என்று கேட்டார். கறிக் குழம்பு வாளிக்குப் பின்னாலேயே மேற்பார்வை பார்த்துக்கொண்டு வந்த அண்ணன் நின்றார்.

"எதுக்குங்க புடிக்கோணும்? தொட்டித் தண்ணியில கலந்து உட்டாப் போதும். குடிக்கிறதெல்லாம் பொழச்சுக்கும். கோழிக்கு மட்டுமில்லீங்க சம்பந்தி, எல்லாத்துக்கும் அதுதான் வழி." என் பக்கம் கையைக் காட்டினார். "என்ற தங்கச்சி ஊட்டுல கண்ணாடித் தொட்டி வெச்சிருக்குது. அது ஊருக்குப் போன சமயத்துல மீனு மேல எல்லாம் ரவை தூவுனாப்பல வெள்ளப் புள்ளி. கார்ல கெடந்தத எடுத்து ரெண்டு கல்லு கரச்சு உட்டேன். ஊட்டுக்கு வந்து பாத்தா அதுக்கே தெரியல, மீனுக்குச் சீக்கு வந்துச்சுன்னு."

ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்த என் கை நின்றது.

"என்னத்தைங்ணா கரச்சு உட்டீங்க?"

"மயில்துத்தந்தான். செட்டுத் தண்ணிக்குப் போடறோமே."

"மீன் தொட்டிக்குள்ளயே ஊத்துனீங்களா?"

"பின்ன? ஒவ்வொரு மீனாப் புடிச்சு வாயிலயா ஊத்தறது?"

பந்தி மொத்தமும் சிரித்தது. சம்பந்தியும் சிரித்தார். நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். பாயசம் இன்னும் வரவில்லை. கூடப்பிறந்தவன் வீட்டு விசேஷத்தில், சம்பந்தி எதிரில், பாதிச் சாப்பாட்டில் எழுந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சிரிப்பு அடங்கிவிட்டது.

கல்லு எப்படிச் சாவும்?

மயில்துத்தம் என்பது செம்பு கலந்த உப்பு. நீல நிறக் கல்லாக உரக்கடையில் கிடைக்கும். அந்த வெள்ளைப் புள்ளி நோய்க்கு அது மருந்துதான், அண்ணன் சொன்னதில் அந்த அளவுக்குத் தப்பில்லை. நோய் கண்ட மீனைப் பிடித்து வேறு ஒரு தொட்டியில் விட்டு, அளந்து, அங்கே கொடுப்பார்கள். பவளமும் நத்தையும் இறாலும் இருக்கும் தொட்டியில் ஒரு சிட்டிகைகூட விழக் கூடாது. மீன் தாங்கும் செம்பை அவை தாங்காது. பாறைகள் அந்தச் செம்பைக் குடித்து வைத்துக்கொண்டு நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும். ஒரே நாளில் சாகாமல் ஒவ்வொன்றாகச் செத்தது அதனால்தான்.

கை கழுவும் குழாயடிக்கு அண்ணன் வந்துவிட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார். தாழ்த்தினாலும் சுடும் குரல் அது.

"எலைய உட்டு எந்திரிச்சு வாரயே, சம்பந்தி என்ன நெனப்பாரு?"

"நான் போன்ல கேட்டேனுங்களா இல்லீங்களா?"

"தண்ணி கெட்டுச்சான்னு கேட்டே. கெடலயே."

"மருந்து ஊத்துனேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"மருந்து ஊத்தறதெல்லாம் ஒரு சேதியா அம்முணி?"

அவர் மறைக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பண்ணையில் தண்ணீரில் எதையாவது கலக்காத நாளே கிடையாது. வைட்டமின், சளி மருந்து, பூஞ்சை மருந்து. தீனி போடுவது போல அதுவும் ஒரு வேலை. வேளைக்குத் தீனி போட்டேன் என்று சொன்னபோது அதற்குள் இதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார். புரிந்ததும் கோபம் குறைந்திருக்க வேண்டும். கூடியது.

"மீனு பொழச்சுதா இல்லியா? அதச் சொல்லு."

"மீன் பொழச்சுது. எறா, நத்தை, நண்டு எல்லாம் போச்சு. பவளம் போச்சு. சாமந்தி சாவக் கெடக்குது."

"அதெல்லாம் கல்லும் செடியுந்தானே? கல்லு எப்படி அம்முணி சாவும்?"

ஒன்று சொல்ல வேண்டும். பவளம் செடியா, கல்லா, உயிரா என்று உலகத்து அறிஞர்களே வெகு காலம் சண்டை போட்டிருக்கிறார்கள். பூ பூக்கும் கடல் செடி என்று பெரிய பெரிய தலைகள் அடித்துச் சொன்னதை எல்லாம் படித்திருக்கிறேன். அண்ணன் சொன்னதில் வியப்பு இல்லை. ஆனால் அந்த அறிஞர்கள் யாரும் என் வீட்டுக்கு வந்து என் தொட்டியில் மயில்துத்தம் கரைக்கவில்லை.

"உங்க எடத்துக்குள்ள வாரதுக்கு என்னைய கால் நனைக்க வெச்சீங்க," என்றேன். "சம்பந்தியையே நனைக்க வெச்சீங்க. என்ற தொட்டிக்குள்ள கைய உடறதுக்கு முன்னால என்னைய ஒரு வார்த்த கேக்கத் தோணலீங்களா?"

"அது கோழி. பொழப்பு," என்றார் அண்ணன். "இது நீ பொழுது போகாம வெச்சிருக்கறது."

கணவரைத் தேடிப்போய், சாப்பிட்ட வரை போதும், வண்டியை எடுங்கள் என்றேன்.

பீப்பாய்

ராசிபுரம் தாண்டும் வரை கணவர் வாயைத் திறக்கவில்லை. பிறகு, பாயசம் பருப்புப் பாயசம் என்று மட்டும் சொன்னார்.

மாற்றுவதற்காகக் கலக்கி வைத்த புதுத் தண்ணீர் நல்ல வேளையாக நீலப் பீப்பாயில் இருந்தது. அதைத் துணி துவைக்க வாங்கிய ஒரு பெரிய வெள்ளைத் தொட்டியில் ஊற்றினேன். கடல் சாமந்தியைப் பாறையிலிருந்து பெயர்ப்பது லேசான காரியம் அல்ல. பாதத்தை நகத்தால் மெல்ல மெல்லத் தள்ளி, அது தானாக விடும் வரை காத்திருக்க வேண்டும். இழுத்தால் கிழிந்துவிடும். ஆனால் நான் கையை வைத்ததும் வந்துவிட்டது. பிடிக்கும் பலம் அதற்கு இல்லை. ஈரமான பழந்துணி போல உள்ளங்கையில் கிடந்தது. அதை விட்ட பிறகு மீன்கள் மூன்றையும் வலையில் பிடித்து அதே வெள்ளைத் தொட்டிக்கு மாற்றினேன்.

பாறைகளை எல்லாம் எடுத்துப் போட்டேன். அவற்றை இனி எந்தக் கடல் தொட்டியிலும் வைக்க முடியாது. ஆண்டுக் கணக்கில் வளர்ந்த பவளங்கள் அவற்றின் மேலேயே கூழாகி நாறின. அந்த நாற்றத்தை இந்த முறை தெருவில் யாரும் கருவாடு என்று சொல்லவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

பிறகு போன்கள் வர ஆரம்பித்தன. எங்கள் அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்போம். நங்கைதான் முதலில் பேசினார், அழுதார். பிறகு இரண்டு சித்தப்பா வீடுகள். ஒரு நத்தைக்காகவா, ஒரு எறாவுக்காகவா, படித்தவள் செய்கிற வேலையா இது, சம்பந்தி முன்னால் அண்ணன் மானம் போயிற்றே. என்ன செத்தது, எப்படிச் செத்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர் பண்ணைக்குள் காலை நனைக்காமல் ஒருவர் நுழைந்து அங்கே பத்துக் கோழி செத்திருந்தால் இதே ஆட்கள் எத்தனை பேர் துக்கம் கேட்கப் போயிருப்பார்கள் என்று நான் கேட்டேன். கோழியும் இதுவும் ஒன்றா என்றார்கள்.

அண்ணன் பேசவே இல்லை.

புடிச்சு இழுக்குது

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு காலை அண்ணன் வாசலில் நின்றார். மருத்துவமனைக்கு வந்ததாகவும் டாக்டர் வர நேரம் ஆகும் என்பதால் வந்ததாகவும் என் கணவரிடம் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி காலியாகக் கிடந்தது. வெள்ளைத் தொட்டி பால்கனிக் கதவருகில் இருந்தது. அவர் அதன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து உள்ளே பார்த்தார்.

சாமந்தி செத்திருக்கவில்லை. நிறம் போய் வெளுத்திருந்தது, ஆனால் வாய் மூடியிருந்தது. பாதம் தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்தது. குட்டையான விரல்கள். கோமாளி மீன்களில் ஒன்று அதற்குள் உடம்பைப் பாதி நுழைத்துக்கொண்டு, மீதிப் பாதி வெளியே தெரியப் படுத்திருந்தது.

நான் காபி கொண்டுவந்து வைத்தேன். குடித்தார்.

அப்போது செல்வி மேலேயிருந்து ஏதோ பலகாரத் தட்டோடு இறங்கி வந்தாள். கரையான் மருந்து விஷயம் எங்களுக்குள் ஒருவாறு ஆறியிருந்தது. காலித் தொட்டியைப் பார்த்தாள்.

"எல்லாமே போயிருச்சுங்களாக்கா? உடுங்க. ஊட்டுக்கு ஏதோ பெரிய கண்டம் இருந்திருக்குது. அத்தனையும் அதுக வாங்கிக்கிச்சு."

நான் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து பதில் வந்தது.

"கண்டமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நாந்தான் கோழி மருந்த ஊத்திக் கொன்னு போட்டேன்."

செல்வி தட்டை வைக்க இடம் தேடினாள். பிறகு சமாளித்துக்கொண்டு, தெரியாமல்தானே செய்தீர்கள் என்றாள்.

"தெரியாமத்தான். கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்." கொஞ்ச நேரம் கழித்து, விட மனமில்லாமல் சேர்த்துக்கொண்டார்: "மீனு மட்டும் பொழச்சுதுங்க."

செல்வி போய்விட்டாள். அண்ணன் எழுந்து கழுவுதொட்டிக்குப் போனார். முழங்கை வரைக்கும் கையைக் கழுவினார். நான் ஒன்றும் சொல்லாமலே கழுவினார். துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து கேட்டார்:

"இது என்னத்த அம்முணி திங்கும்?"

உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கடையில் வாங்கி, உறைய வைத்து, பொடியாக நறுக்கி வைத்திருந்த கிண்ணத்தை எடுத்து வந்தேன்.

"எறா."

அவர் கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எறா செத்ததுக்குத்தானே எலைய உட்டு எந்திரிச்சே?"

"அது வேறங்ணா."

"செரி, வேறதான்," என்றார்.

இடுக்கியை அவர் கையில் கொடுத்தேன். ஒரு துண்டை எடுத்து, தண்ணீருக்குள் விட்டு, சாமந்தியின் விரல் மேல் வைத்தார். சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு விரல் மடங்கியது. இன்னொன்று மடங்கியது. மெல்ல மெல்ல நாலைந்து விரல்கள் சேர்ந்து துண்டைச் சுற்றிக்கொண்டன. இடுக்கி முனையும் அதற்குள் மாட்டிக்கொண்டது. அண்ணன் சட்டென்று கையைப் பின்னுக்கு எடுக்கப் பார்த்தார். அது விடவில்லை.

"அட, புடிச்சு இழுக்குது அம்முணி."

இத்தனை ஆண்டாக நான் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். மேல் வீட்டுக்குக் கேட்டிருக்கும்.